இரண்டடி மண்ணின் வேலை

போன ஐப்பசியில் எங்கள் கொல்லைப்புற உறிஞ்சுகுழி பொங்கிவிட்டது. மூன்று நாளாக விட்டுவிட்டு மழை. நான்காம் நாள் விடிந்து பார்த்தால், குழியின் சிமெண்ட் மூடி ஓரமாகச் சாம்பல் நிறத் தண்ணீர் கசிந்து, துவைக்கிற கல்லைத் தாண்டி முருங்கை மரத்தடி வரை போயிருந்தது. கழிப்பறையில் ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் மேலே ஏறி நின்று, குளுக் குளுக்கென்று குமிழி விட்டு, மனசில்லாமல் இறங்கியது. நல்லம்பள்ளிப் பக்கம் இந்த வீட்டைக் கட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தக் குழியைப் பற்றி அதுவரை ஒரு நாளும் நாங்கள் நினைத்ததில்லை.

வீடு கட்டிய மேஸ்திரியையே கூப்பிட்டேன். மூடியை நகர்த்தி எட்டிப் பார்த்தார். "கீழ பாறை சார். அன்னிக்கே எட்டடிக்கு மேல கடப்பாரை எறங்கல, அதோட விட்டுட்டோம். இப்ப கம்ப்ரசர் வச்சு இன்னும் அஞ்சடி ஒடச்சா சந்து கெடைக்கும். சந்துல விட்டுட்டா ஆயுசுக்கும் ரொம்பாது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஆசிட் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். உறவினர் ஒருவர் சொன்ன வழி எல்லாவற்றையும்விடச் சுலபம்: காய்ந்துபோன போர்வெல் ஒன்று சும்மாதானே கிடக்கிறது, குழாயை அதற்குள் திருப்பிவிடு.

மூன்று பேரும் நல்ல மனசோடு சொன்னவர்கள். ஆனால் மூன்று யோசனையிலும் தண்ணீர் கண்ணுக்கு மறையுமே தவிரச் சுத்தமாகாது. தர்மபுரி போன்ற பாறை மாவட்டத்தில் இந்த வித்தியாசம் நாம் குடிக்கிற தண்ணீரில் போய் முடிகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செப்டிக் டேங்குக்குள் போனதெல்லாம் சுத்தமாகி வெளியே வருகிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். டேங்க் செய்கிற முதல் வேலை தண்ணீரை நிறுத்தி வைப்பது. ஏறக்குறைய ஒரு நாள் அலுங்காமல் நின்றால் கனமான பொருள் அடியில் சகதியாகப் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. காற்றில்லாத அந்த இருட்டில் வாழும் பாக்டீரியாக்கள் அடிச் சகதியை மெல்ல மெல்லத் தின்று மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. வெளியேறும் இடத்தில் 'டீ' வடிவக் குழாய் ஒன்று இருக்க வேண்டும். அதன் கீழ்க்கால் ஆடைக்குக் கீழே இறங்கி நிற்பதால் நடுநீரை மட்டுமே வெளியே விடும். அப்படி வரும் நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும், கரைந்த அழுக்கில் பாதிக்கு மேல் அதில் அப்படியே இருக்கிறது. ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் குடல் பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். சாக்கடையில் விடத் தகுதியில்லாத நீர் அது. மீதி வேலையைச் செய்யப் பொறுப்பேற்றிருப்பது மண்.

இந்தத் தொட்டியின் கதை பிரான்சின் வெசூல் என்ற ஊரில், 1860 வாக்கில் தொடங்குகிறது. ழான் லூயி மூரா என்பவர் வீட்டுக் கழிவுக்காக மூடிய தொட்டி ஒன்று கட்டினார். பல வருடம் கழித்துத் திறந்து பார்த்தபோது திடப்பொருள் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பெரும்பாலும் நீர்தான் இருந்தது. 1881-ல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் 1890-களின் நடுவில் இதையே பெரிதாகக் கட்டி, 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நம் ஊர் மேஸ்திரி வாய் வரை வந்துவிட்டது. தொட்டிக்கு அப்பால் உள்ள மண்ணுக்கு மட்டும் அப்படி ஒரு பெயர் நிலைக்கவில்லை. உறிஞ்சுகுழி என்கிறோம், சோக்பிட் என்கிறோம். இரண்டு சொல்லுமே மண்ணை ஒரு துணியைப் போல, தண்ணீரை ஊறவைக்கும் பொருளாக மட்டுமே பார்க்கின்றன.

மண் ஊறுவதோடு நிற்பதில்லை. ஈரமான, ஆனால் தண்ணீர் தேங்காத மண்ணில் பெரிய துளைகளில் காற்று இருக்கும். தண்ணீர் மணல் பரல்களைச் சுற்றி மெல்லிய படலமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். படலம் மெல்லியதாக இருப்பதால் அதிலுள்ள ஒவ்வொரு கிருமியும் ஏதாவது ஒரு பரலை உரசியே ஆகவேண்டும். களித்துகள்கள் வைரஸ்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நம் செம்மண்ணுக்குச் சிவப்பைத் தரும் இரும்பு ஆக்சைடு, சோப்பிலிருந்தும் மலத்திலிருந்தும் வரும் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்கிறது. மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் ஓரணு உயிரிகள் வந்துசேரும் குடல் பாக்டீரியாக்களைத் தின்கின்றன. காற்றைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் கரைந்த அழுக்கை எரித்துவிடுகின்றன. மூக்கைத் துளைக்கும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இப்படிக் காற்றோடுகிற மண் இரண்டிலிருந்து நான்கு அடி இருந்தால், கிருமிகளில் மிகப் பெரும்பகுதி அங்கேயே ஒழிந்துபோகும். அந்த இரண்டடி மண்ணை ஒரு சுத்திகரிப்பு நிலையம் என்று தயங்காமல் சொல்லலாம். மின்சாரம் கேட்காத, மோட்டார் இல்லாத நிலையம். அது கேட்பது காற்று ஒன்றைத்தான்.

காற்று எங்கே இருக்கிறது? மேலே. ஆழம் போகப் போகக் காற்று குறைகிறது, வேர் குறைகிறது, உயிர் குறைகிறது. எங்கள் மாவட்டத்தில் மண்ணும் தீர்ந்துவிடுகிறது. சேலம் போகும் சாலையில் தொப்பூர்க் கணவாயில், மலையை வெட்டிய ஓரங்களைப் பார்த்தால் இந்த நிலத்தின் உள் கணக்கு தெரியும்: மேலே கொஞ்சம் செம்மண், அதன் கீழே மொரம்பு, அதற்கும் கீழே வெடிப்பு ஓடிய பாறை. நைஸும் சார்னோக்கைட்டும்தான் இந்த மாவட்டத்தின் அடித்தளம். அந்தப் பாறை தன் உடலுக்குள் தண்ணீரை வைத்துக்கொள்வதில்லை. வெடிப்புகளில் மட்டும் வைத்திருக்கிறது. நம் போர்வெல்லுக்குத் தண்ணீர் வருவதும் அந்த வெடிப்புகள் வழியாகத்தான்.

மேஸ்திரி சொன்ன 'சந்து' இதுதான். அவர் சொன்னது தப்பில்லை, சந்து கிடைத்தால் குழி ரொம்பாது. ஆனால் சந்தில் மண் இல்லை, காற்று இல்லை, கிருமியைத் தின்ன உயிரி இல்லை. ஒரு பக்கம் இறங்கிய கழிவுநீர் வடிகட்டப்படாமல், குழாயில் ஓடுவதுபோல ஓடி, யாருடைய போர்வெல்லில் ஏறும் என்று சொல்லவே முடியாது. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2470, 1985-ல் வந்த பதிப்பு, உறிஞ்சுமிடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி கேட்கிறது. வீட்டிலிருந்து 6 மீட்டர். இந்த 60 அடி என்பது நடுவில் மண் இருக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு. பாறை வெடிப்புக்கு 60 அடியும் ஒன்றுதான், 300 அடியும் ஒன்றுதான். காய்ந்த போர்வெல்லில் கழிவுநீரை விடுவது இதைவிட மோசம். அது ஊரின் நிலத்தடி நீருக்கு நாமே ஊசி போடுவது.

தர்மபுரிக்காரர்களுக்குத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் வரும் தீங்கைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பாறையிலிருந்து கரையும் ஃப்ளோரைடால் பல் காவியேறிய, எலும்பு வளைந்த தலைமுறைகளைப் பார்த்த மாவட்டம் இது. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013-ல் காவிரி நீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குக் குழாயில் வந்தது. ஃப்ளோரைடு பாறையின் குணம். நைட்ரேட்டு நம் கைவேலை: உரத்திலிருந்தும், மாட்டுக் கொட்டகையிலிருந்தும், கழிப்பறைக் குழியிலிருந்தும் இறங்குவது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மீறினால், அந்த நீரில் பால் கலக்கிக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாய்கிற அபாயம் உண்டு. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, அது தண்ணீரோடு இறங்கிவிடும். அதைப் பிடிக்கத் தெரிந்தவை மேல்மண்ணில் உள்ள வேர்கள். கழிவுநீரை ஆழத்தில் கொண்டுபோய் விட்டால் வேர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

குழாயில் தண்ணீர் வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. குடம் சுமந்த காலத்தில் கழிப்பறைக்குக் கணக்காக ஊற்றினோம். இப்போது ஷவர், வாஷிங் மெஷின், பிளஷ். வரும் வழியைப் பெரிதாக்கினோம். போகும் வழி அதே பழைய மூன்றடி அகலக் குழி.

சரி, எங்கள் குழிக்கு என்ன ஆயிற்று? முதலில் லாரியை வரவழைத்து டேங்கையும் குழியையும் உறிஞ்சச் சொன்னோம். குழி காலியானதும் மேஸ்திரி மேலே நின்றபடியே ஒரு நீளக் கம்பியால் உறையின் சுவரைச் சுரண்டினார். கம்பி நுனியில் கருப்பாக, கூழ் போல, நொங்கின் வழுவழுப்போடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அழுகிய முட்டை நாற்றம். வெயிலில் வைத்த கொஞ்ச நேரத்தில் அதன் விளிம்பு பழுப்பாக மாற ஆரம்பித்தது.

அதுதான் விஷயம். கழிவுநீர் மண்ணைத் தொடும் இடத்தில் பாக்டீரியாக்கள் பசை போன்ற ஒரு படலத்தைப் பின்னுகின்றன. ஆங்கிலத்தில் இதை 'பயோமேட்' என்கிறார்கள். உயிர்ப்பாய் என்று நாம் சொல்லலாம். ஓரளவு இருந்தால் இந்தப் பாய் நல்லது. தண்ணீரை மட்டுப்படுத்தி விடுவதால் கீழே உள்ள மண் நிரம்பாமல், காற்றோட்டத்தோடு இருக்கிறது. வந்து சேரும் உணவும், அதை எரிக்கக் கிடைக்கும் காற்றும் சமமாக இருக்கும்வரை பாய் தடிப்பதில்லை. உணவு அதிகமாகி, தண்ணீர் எந்நேரமும் தேங்கி நின்றால் காற்று அறுபடுகிறது. அப்போது காற்று வேண்டாத பாக்டீரியாக்கள் ஆட்சிக்கு வருகின்றன. அவை மெதுவாகத் தின்பவை. பாய் தடிக்கிறது. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்து கருப்பான இரும்பு சல்ஃபைடாகிறது. மேஸ்திரியின் கம்பியில் வந்த கருமை அதுதான். காற்றுப் பட்டதும் பழுப்பாகியதும் அதனால்தான். இரும்பு மறுபடி துருவின் பக்கம் திரும்புகிறது.

நோய்க்குக் காரணம் டேங்கில் இருந்தது. வெளிப்போக்கில் இருக்க வேண்டிய 'டீ' குழாயின் கீழ்க்கால் உடைந்து விழுந்திருந்தது. எப்போது உடைந்ததோ, மேலே மிதந்த எண்ணெய் ஆடை வடிகட்டில்லாமல் நேராகக் குழிக்குப் போயிருக்கிறது. பதினோரு வருடமாக டேங்கையும் நாங்கள் ஒரு தடவைகூட அள்ளவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நல்லது, முடியாவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது சகதியை எடுக்க வேண்டும் என்கிறது தரநிலை. எடுக்கும்போது அடியில் ஓர் அங்குலமாவது விட்டு வைக்க வேண்டும், அடுத்த சகதிக்கு அதுதான் உறைமோர். புது டேங்காக இருந்தால், வெளிப்போக்கு மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, வேறு டேங்கின் பழுத்த சகதி கொஞ்சம் போடலாம். கிடைக்காவிட்டால் மக்கிய மாட்டுச்சாணம் போதும் என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நம் குடலிலிருந்தே தினமும் போதுமான பாக்டீரியா போகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். டேங்குக்குள்ளோ குழிக்குள்ளோ எந்த மனிதரும் இறங்கக்கூடாது, யாரையும் இறக்கக்கூடாது. சகதியைக் கிளறினால் அதில் அடைபட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரே மூச்சில் வெளியேறும். குறைந்த அளவில் நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அடுத்த நிமிடம் மயக்கம். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சாவார். 2013-ம் ஆண்டுச் சட்டம் இப்படி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. இறப்பவர்கள் எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்பது நாட்டுக்கே தெரியும். "ஒரு நிமிஷம் எறங்கி அடைப்ப எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஒரு தொழிலாளி தானாகச் சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. கழிவகற்றும் லாரியைக் கூப்பிட 14420 என்ற எண் இருக்கிறது.

நோய் தெரிந்தது. அடுத்து மருந்து. கம்ப்ரசர் வேண்டாம், மண் எவ்வளவு குடிக்கும் என்று அதையே கேட்டுப் பார்ப்போம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். இதற்கு ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரயன் என்ற பொறியாளர் 1920-களில் உருவாக்கியது, இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. வேண்டிய கருவிகள்: மண்வெட்டி, வாளி, பள்ளிக்கூட ஸ்கேல், கடிகாரம்.

பழைய குழிக்குத் தள்ளி, வாழை இருக்கும் பக்கம் அரையடிச் சதுரத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு துளை தோண்டினோம். சுவர்களைக் கத்தியால் கீறிவிட்டோம், ஏனென்றால் மண்வெட்டி படும்போது செம்மண்ணின் களி பூசினாற்போல வழுவழுப்பாகித் துளைகளை அடைத்துவிடும். அடியில் இரண்டு அங்குலம் பொடிஜல்லி. ஓர் அடிக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டோம். காய்ந்த மண் முதலில் பேராசையோடு குடிக்கும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். மறுநாள் காலை ஜல்லிக்கு மேல் ஆறு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி செய்து, ஸ்கேலை ஊன்றி, அரை மணி நேரம் உட்கார்ந்தோம். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்து, அணைத்து, மறுபடி பற்றவைத்தார். தண்ணீர் 21 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதுதான் மண்ணின் அளவுகோல். எங்கள் மண்ணுக்கு 36 நிமிடம். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி போடலாம். 30-லிருந்து 60 என்றால் குழி உதவாது, ஆழமில்லாத நீள வாய்க்கால்தான் போட வேண்டும். 60-ஐத் தாண்டினால் மண்ணை நம்பவே கூடாது. வடிகட்டித் தொட்டி போன்ற வேறு ஏற்பாடு தேவை. ஆக, எங்கள் மனைக்குக் குழி என்பதே முதலிலிருந்து தப்பான மருந்து. பதினோரு வருடத்துக்கு முன்பு ஓர் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 204-ஐ அந்த நிமிட எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் எத்தனை லிட்டர் குடிக்கும் என்பது வரும். 36-க்கு வர்க்கமூலம் 6. எனவே 34 லிட்டர். மூன்றடி விட்டமுள்ள எங்கள் குழியில் குழாய்க்குக் கீழே ஐந்தடிதான் ஆழம். அதன் சுவர்ப்பரப்பு 4 சதுர மீட்டர் சொச்சம். நாளொன்றுக்கு 145 லிட்டர் தாங்கும். நாங்கள் ஐந்து பேர். குளியல், துணி, பாத்திரம், கழிப்பறை எல்லாம் சேர்ந்து தலைக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் 500 லிட்டர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருடம் தாங்கியதே பெரிது.

மேஸ்திரி அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "அப்ப ஆழம் கணக்கே இல்லியா சார்?" என்று கேட்டார். இந்த ஊரில் அது நியாயமான கேள்வி. தண்ணீர் வேண்டுமென்றால் ஆழம் போ என்பதுதான் நாம் இரண்டு தலைமுறையாகக் கற்ற பாடம். கிணறு போய், நூறடி போர் போய், ஆயிரம் அடி போர் வந்தது. கழிவுநீருக்குப் பாடம் தலைகீழ். அகலமாக, மேலாக, காற்றுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். பழைய குழியின் அடியில் பாறையைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டடியில் வாய்க்கால் போட்டால் அதே இடத்தில் கீழே ஆறடி மண் மிச்சமிருக்கிறது.

வேலையைத் தை வரைக்கும் தள்ளினோம். ஈரமண்ணில் தோண்டினால் சுவரெல்லாம் பூசி அடைபட்டுவிடும் என்பது ஒன்று; ஜேசிபி ஏறினால் மண் இறுகிவிடும் என்பது இன்னொன்று. அதற்குள் செய்யக்கூடியதைச் செய்தோம். உடைந்த 'டீ'யை மாற்றினோம். குளியல் நீரையும் துவைக்கும் நீரையும் டேங்கிலிருந்து பிரித்து வாழைக்குத் திருப்பினோம். இது புதுசு ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் விட்டவர்கள் நம் பாட்டிகள். 'அட்டாச்டு பாத்ரூம்' வந்தபோது நாம்தான் எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்தோம். தலைக்கு 135 லிட்டர் செலவாகும் வீட்டில் கழிப்பறைக்குப் போவது 45 லிட்டர்தான் என்பது தரநிலைக் கணக்கு. ஐந்து பேருக்கு 225 லிட்டர். அதற்கு ஏழு சதுர மீட்டருக்கும் குறைவான மண் போதும்.

தையில் இரண்டு வாய்க்கால் வெட்டினோம். ஒவ்வொன்றும் 9 மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், இரண்டடி ஆழம். அடிப்பகுதி ரசமட்டம் வைத்துப் பார்த்தது, இல்லாவிட்டால் ஒரு மூலை மட்டுமே எல்லாத் தண்ணீரையும் வாங்கி முதலில் சாகும். கழுவிய ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் துளையிட்ட நான்கு அங்குலக் குழாய், மேலே மறுபடி ஜல்லி. ஜல்லிக்குள் மண் இறங்காமலிருக்க ராகி வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் தோண்டிய மண்ணையே தளர்வாக மூடினோம். வைக்கோல் மக்குவதற்குள் மண் தானாகப் படிந்துகொள்ளும். இரண்டு வாய்க்காலுக்கும் நடுவில் சின்னத் தொட்டி ஒன்று, அதில் ஒரு மூடி. மூடியை எந்தப் பக்கம் செருகுகிறோமோ அந்தப் பக்கம் ஓய்வு.

ஓய்வுதான் இந்த வைத்தியத்தின் மையம். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மெக்கௌகி, வின்னபெர்கர் இருவரும் 1960-களில் உறிஞ்சும் நிலங்கள் ஏன் செத்துப்போகின்றன என்று ஆராய்ந்தபோது கண்டது இதுவே. தொடர்ந்து ஊறும் மண் அடைபடுகிறது. அதே மண்ணைக் காயவிட்டால் திறந்துகொள்கிறது. காற்று உள்ளே போனதும் காற்றைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கருப்புப் பாயையே உணவாக்கிக்கொள்கின்றன. மண்புழுவும் பூச்சியும் மீதியைக் கவனிக்கின்றன. மருந்தோ அமிலமோ இல்லாமல், சில மாதப் பட்டினியில் மண் குணமாகிறது. நம் ஊராட்சிகளில் தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டும் இரட்டைக்குழிக் கழிப்பறையும் இதே தத்துவம்தான். ஒரு குழி நிரம்பியதும் மறு குழிக்கு மாற்றி, முதல் குழியை ஒன்றரை, இரண்டு வருடம் விட்டுவைத்தால் உள்ளே இருப்பது உரமாகிவிடும், குழிச்சுவரும் மூச்சு வாங்கிக்கொள்ளும். இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போகும்படி கட்டிவிட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நடுத்தொட்டியில் ஒரு செங்கல்லை வைத்து ஒரு வாயை அடைத்தால் போதும்.

தர்மபுரியின் பங்குனி, சித்திரை வெயிலை எல்லோரும் திட்டுவார்கள். இந்த ஒரு வேலைக்கு அதைப்போல உதவி வேறில்லை. பழைய குழிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாமல் அடைத்து, மூடியில் காற்றுக்குழாய் மட்டும் வைத்து அப்படியே விட்டோம். ஆடியில் திறந்து, டார்ச் அடித்து, மேஸ்திரி மறுபடி கம்பியால் சுரண்டினார். கூழ் இல்லை. காய்ந்த தோல் போலப் பழுப்பாகச் செதில் செதிலாக உதிர்ந்தது. முதல் மழையில் எழும் மண்வாசனைதான் வந்தது. பத்துக் குடம் ஊற்றினோம். மறுநாள் இல்லை. பாறையை ஒட்டிய குழி என்பதால் அதைக் கழிவுக்கு இனிப் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் மண் திரும்பி வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது.

ஆசிட் ஊற்றினால் ஏன் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அது டேங்கில் சகதியைத் தின்னும் உயிரிகளைக் கொல்கிறது, கலங்கிய சகதி வெளியேறி மண்ணை அடைக்கிறது, சிமெண்டையும் அரிக்கிறது. சோடியம் இன்னொரு எதிரி. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மைக்காகப் பலர் வீட்டில் மென்னீர்க் கருவி வைத்திருக்கிறார்கள். அதைக் கழுவிவிடும் உப்புக்கரைசல் மண்ணுக்குப் போனால், திரள் திரளாக நிற்கும் களித்துகள்கள் பிரிந்து சிதறித் துளைகளை அடைத்துவிடும். கால்சியம் களியைச் சேர்த்துப் பிடிக்கும், சோடியம் பிரித்துவிடும். அப்படி அடைபட்ட மண் ஓய்வு கொடுத்தாலும் லேசில் திறப்பதில்லை. பொரித்த எண்ணெய், சானிட்டரி நாப்கின், மீந்த குழம்பு இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பென்னாகரம் ரோட்டிலோ பாலக்கோட்டிலோ 30-க்கு 40 அடி மனையில் சுவரோடு சுவராக வீடு கட்டியவருக்கு இந்த வாய்க்காலுக்கு இடமே இருக்காது. அவருக்கு நீர்புகாத நல்ல டேங்க், ஒழுங்காக லாரி, ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம், இவைதான் வழி. தமிழக அரசு 2014 செப்டம்பரில் கழிவுச்சகதி மேலாண்மைக்கு நெறிமுறை வெளியிட்டது. 2017-ல் கருங்குழியில் மாநிலத்தின் முதல் கழிவுச்சகதி சுத்திகரிப்பு நிலையம் வந்தது. லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று ஓட்டுநரிடம் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. ஏரிக்கரையில் கொட்டினால், நாம் பிரித்து எடுத்த அத்தனையும் மறுபடி நம் கிணற்றுக்கே வரும்.

இப்போது எங்கள் கொல்லையில் மேற்கு வாய்க்கால் வேலை செய்கிறது, கிழக்கு ஓய்வில் இருக்கிறது. மேலே அருகம்புல் படர்ந்து, ஓரத்தில் கல்வாழை பூத்திருக்கிறது. முருங்கையை மட்டும் தள்ளி நட்டிருக்கிறோம், அதன் வேர் குழாயைத் தேடிவரும். மூடி மாற்றும் நாளைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவைக்கிறோம், தை முதல் வாரமும் ஆடி முதல் வாரமும். மேஸ்திரி போன வாரம் வந்து அந்த ஸ்கேலைக் கேட்டு வாங்கிப் போனார். காரிமங்கலத்தில் புது வீடு ஒன்றுக்குக் கடைக்கால் தோண்டுகிறாராம். தரையை மூடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி குழியை ஊறவிடச் சொல்லியிருக்கிறார்.